அறிவியல் சிறுகதைப் போட்டிக்கு முதல் கதை எழுதுவது எப்படி?

புதிய எழுத்தாளர்களுக்கான அறிவியல் சிறுகதைப் போட்டி என்று அறிவிப்பு வந்ததும், பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது விண்கலமும் வேற்றுக்கிரகவாசியும்தான். சென்னையில் இருப்பவர்கள் அவ்வளவு தூரம் போக வேண்டியதே இல்லை. நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்குகிறார்கள். 2015 டிசம்பரில் அடையாறு வீடுகளுக்குள் புகுந்தது. 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. இந்த ஒவ்வொன்றுக்குள்ளும் பல கதைகள் இருக்கின்றன. இங்கே பெசன்ட் நகர் கடற்கரையை மட்டும் எடுத்துக்கொண்டு, விதிமுறையைப் படிப்பதிலிருந்து கதையை அனுப்புவது வரை பார்க்கலாம்.

படி 1: விதிமுறையைப் படியுங்கள்

கடைசித் தேதி, சொல் வரம்பு, ‘புதிய எழுத்தாளர்’ என்று யாரைச் சொல்கிறார்கள் என்பது. இந்த மூன்றையும் ஒரு தாளில் எழுதி எதிரே ஒட்டிவையுங்கள். ‘இதுவரை எங்கும் வெளிவராத கதை’ என்று இருந்தால் ஃபேஸ்புக்கில் போட்டதையும் வெளிவந்ததாகவே எடுத்துக்கொள்ளுங்கள். சொல் கணக்கில் தமிழுக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. ‘போய்க்கொண்டிருந்தாள்’ என்று சேர்த்து எழுதினால் ஒரு சொல். பிரித்தால் இரண்டோ மூன்றோ ஆகிவிடும். வரம்பு 1500 என்றால் 1400-இல் நிறுத்திக்கொள்வது நல்லது.

படி 2: ஓர் உண்மையைப் பிடியுங்கள்

ஜனவரி முதல் மார்ச் வரை, இரவு நேரத்தில் பங்குனி ஆமைகள் பெசன்ட் நகர், நீலாங்கரைப் பக்கம் கரையேறி முட்டையிடுகின்றன. ஒரு குழியில் நூறு முட்டை போல இருக்கும். தன்னார்வலர்கள் இரவில் கரையோரம் நடந்து முட்டைகளைச் சேகரித்து, வேலி போட்ட பொரிப்பகத்தில் புதைத்துக் காக்கிறார்கள். ஏறக்குறைய 45 முதல் 60 நாளில் குஞ்சு வெளியே வரும். இதெல்லாம் செய்தித்தாளில் வருடாவருடம் படிப்பதுதான்.

கதைக்கான உண்மை இனிமேல்தான் இருக்கிறது. ஆமைக்குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மணலின் சூடுதான் தீர்மானிக்கிறது. சுமார் 29, 30 டிகிரி செல்சியஸில் இரண்டும் கலந்து வரும். அதைவிடக் குளிர்ந்தால் ஆண், சூடு ஏறினால் பெண். இன்னும் ஏறினால் முட்டையே கெட்டுவிடும். இதைப் படிக்கும்போது உங்களுக்குள் ஒரு ‘அட!’ எழுந்தால், அதுதான் கரு. எழாவிட்டால் வேறு தேடுங்கள். உங்களுக்கு வியப்புத் தராத அறிவியல் வாசகருக்கும் தராது.

படி 3: ஒன்றே ஒன்றை மாற்றுங்கள்

வருடம் 2071. மணல் சூடேறி, பிறப்பதெல்லாம் பெண்ணாகவே பிறக்கிறது. குளிரூட்டிய பெட்டியில் முட்டைகளை வைத்தால்தான் ஆண் குஞ்சு கிடைக்கும். இந்த ஒரு மாற்றம் போதும். கூடவே பறக்கும் கார், பேசும் ரோபோ, செவ்வாயில் குடியேற்றம் எல்லாம் சேர்த்தால் எதிலும் வாசகரின் மனம் தங்காது.

சரி, அது அறிவியல் கதைதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது? அறிவியலை எடுத்துவிட்டுக் கதையைச் சொல்லிப் பாருங்கள். அப்போதும் கதை நிற்கிறதென்றால், எதிர்கால உடை போட்ட குடும்பக் கதையைத்தான் எழுதியிருக்கிறீர்கள்.

படி 4: யாருக்கு வலிக்கும்?

புதியவர்கள் பெரும்பாலும் இங்கே விஞ்ஞானியைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். நான் சொல்வேன், மாற்றத்தால் நேரடியாக நஷ்டப்படும் ஆளைத் தேடுங்கள். ஊரூர் குப்பத்தில் செல்வி என்று ஒருத்தி இருக்கட்டும். முட்டைப் பெட்டிகளைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. அவள் தம்பி ஐஸ் பேக்டரி நடத்துகிறான். குப்பத்துக்குக் கிடைக்கும் மின்சாரம் இரண்டில் ஒன்றுக்குத்தான் போதும். மீனைக் காப்பாற்றுவதா, முட்டையைக் காப்பாற்றுவதா? இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருக்கிறது. இப்படி அமைந்துவிட்டால் வில்லனே தேவைப்படாது.

படி 5: பாடம் நடத்தாமல் எழுதுங்கள்

முதல் பிரதியில் பலர் இப்படி எழுதுவார்கள்:

“புவி வெப்பமயமாதலால் மணலின் வெப்பநிலை உயர்ந்து, ஆமை முட்டைகள் அனைத்தும் பெண் குஞ்சுகளாகவே பொரிக்கின்றன என்பது உனக்குத் தெரியும் அல்லவா, செல்வி?” என்றார் விஞ்ஞானி.

தெரிந்த விஷயத்தை யாரும் யாரிடமும் இப்படிச் சொல்வதில்லை. இதே தகவலைச் சண்டைக்குள் வையுங்கள்:

செல்வி மூடியைத் திறக்காமலே முள்ளைப் பார்த்தாள். முப்பத்திரண்டு.

“இன்னிக்கும் கரண்ட் தர மாட்டியா?”

“உனக்குக் குடுத்தா ஐஸ் கரைஞ்சிடும். போன வருசமும் பொண்ணுங்கதான். இந்த வருசமும் பொண்ணுங்களா இருந்துட்டுப் போவட்டுமே, இப்ப இன்னாக்கா?”

சூட்டுக்கும் பெண் குஞ்சுக்கும் ஏதோ தொடர்பு இருக்கிறது என்று வாசகர் தானே ஊகித்துக்கொள்வார். ஊகித்தவுடன் கதைக்குள் வந்துவிடுவார். பேச்சு மொழி அந்த இடத்து மொழியாகவே இருக்கட்டும். ஆனால் எல்லாச் சொல்லையும் வட்டார வழக்கில் திரிக்க வேண்டாம். வாக்கியத்துக்கு ஓரிரு சொல் போதும், வாசகரின் காது மீதியைக் கேட்டுக்கொள்ளும்.

படி 6: தகவலைச் சரிபாருங்கள்

இதைக் கடைசிக்குத் தள்ளாமல், முதல் பிரதி பாதியில் இருக்கும்போதே செய்யுங்கள். கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. அதே பகுதியில் பிர்லா கோளரங்கமும் பெரியார் அறிவியல் தொழில்நுட்ப மையமும் இருக்கின்றன. எழும்பூர் கன்னிமாரா நூலகமும் கைக்கெட்டும் தூரம்தான். ஒரு நாள் ஒதுக்கி உட்காருங்கள்.

பிழை தவிர்ப்பது மட்டும் இதன் பயன் என்று எண்ண வேண்டாம். கதையின் முடிச்சே இங்கேதான் கிடைக்கும். நம் ஆமைகளையே எடுத்துக்கொள்ளுங்கள். முட்டை மண்ணில் இருக்கும் காலத்தை மூன்றாகப் பிரித்தால், நடுவில் வரும் பங்கில்தான் ஆண், பெண் முடிவாகிறது. அப்படியென்றால் செல்விக்கு இரண்டு மாதம் மின்சாரம் வேண்டாம், இரண்டு மூன்று வாரம் கிடைத்தாலே போதும்! தம்பியிடம் பேரம் பேச அவளுக்கு ஒரு வழி திறக்கிறது. அடுத்தது, குஞ்சை வெளியிலிருந்து பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாது. அது வளர்ந்து முட்டையிடும் வயதுக்கு வர பத்து ஆண்டுக்கு மேலாகும். ஆக, தான் ஜெயித்தோமா என்று தெரியாமலே செல்வி குஞ்சுகளைக் கடலில் விடுவாள். இப்படி ஒரு முடிவை வெறும் கற்பனையில் பிடிப்பது கஷ்டம்.

இன்னொன்று. ஆடி மாதத்தில் குஞ்சு பொரிப்பதாக எழுதிவிட்டால், விஷயம் தெரிந்த நடுவர் அந்த இடத்திலேயே கதையை நம்புவதை நிறுத்திவிடுவார்.

படி 7: முடிவும் திருத்தமும்

எல்லாம் கனவு, நாயகி ஒரு ரோபோ, உலகம் அழிந்தது: இந்த மூன்று முடிவுகளையும் நடுவர்கள் ஏகப்பட்ட தடவை பார்த்திருப்பார்கள். தவிர்த்துவிடுங்கள். செல்வி என்ன தேர்ந்தெடுத்தாள் என்பது தெரிந்ததும் நிறுத்திவிடலாம்.

அப்புறம் இரண்டு நாள் கதையைத் தொடாமல் வைத்துவிட்டு, வாய்விட்டுப் படியுங்கள். மூச்சு முட்டும் வாக்கியத்தை உடையுங்கள். முதல் பத்தியை நீக்கிவிட்டுப் படித்துப் பாருங்கள். பெரும்பாலும் கதை இரண்டாவது பத்தியில்தான் தொடங்கியிருக்கும். ஒற்றுப்பிழை, ர-ற, ன-ண குழப்பங்களை இன்னொருவர் கண்ணில் காட்டித் திருத்துங்கள். நம் பிழை நம் கண்ணுக்குத் தெரியாது.

படி 8: அனுப்புங்கள்

கோப்பு யூனிகோடில் இருக்கட்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்திருந்தால் மாற்றிவிட்டு, இன்னொரு கணினியிலோ செல்போனிலோ திறந்து பாருங்கள். எழுத்து உடைந்திருந்தால் அங்கே தெரிந்துவிடும். பெயரில்லாமல் கேட்டிருந்தால் கதையின் உள்ளே மட்டும் பார்த்தால் போதாது, கோப்பின் பெயரிலும் உங்கள் பெயர் இருக்கக் கூடாது. கடைசி நாள் இரவுக்குக் காத்திருக்காமல் முந்தின நாளே அனுப்பிவிட்டு, கிடைத்தது என்று வரும் பதிலைப் பத்திரப்படுத்துங்கள். முடிவு வரும்வரை கதையை வேறெங்கும் வெளியிட வேண்டாம், நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில்கூட.