சேனையை வெட்டி நடுகிறீர்களா? கத்தி எங்கே இறங்குகிறது என்று பாருங்கள்

சேனை நட்டு இரண்டு மாதம் ஆகியும் முளை எட்டிப் பார்க்கவில்லை என்றால் பலரும் மண்ணைக் குறை சொல்வார்கள், இல்லாவிட்டால் விதைக்கிழங்கு விற்றவரைத் திட்டுவார்கள். குழியைத் தோண்டிப் பாருங்கள். துண்டில் முளைக்கிற இடமே இல்லாமல் வெட்டியிருப்பது தெரியவரும்.

கிழங்கின் உச்சியில், நடுவில், முளைக்குருத்து இருக்கும். அதைச் சுற்றி வளையமாக ஒரு தழும்பு ஓடும். முளை கிளம்புவது இந்தப் பகுதியில்தான். குழம்புக்கு நறுக்குகிற மாதிரி குறுக்கே வெட்டினால் மேல்பாதி பிழைக்கும், அடிப்பாதி மண்ணுக்குள் அழுகும். உச்சியில் கத்தியை வைத்து நேராகக் கீழே இறக்க வேண்டும், தர்பூசணியைக் கீற்றுப் போடுவது போல. ஒவ்வொரு கீற்றிலும் அந்த வளையத்தில் கொஞ்சமாவது ஒட்டியிருக்க வேண்டும். பெருவள்ளி, இராசவள்ளி போன்ற கொடிக்கிழங்குகளை வெட்டிப் பழகியவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள். இந்த வள்ளிக்கிழங்குகளில் தோலோடு இருக்கும் எந்தத் துண்டும் முளைக்கும்; தலைப்பகுதி கொஞ்சம் முந்தும், அவ்வளவுதான். சேனையிடம் அந்தத் தாராளம் கிடையாது. ஏற்கெனவே நீளமாக முளைவிட்ட கிழங்காக இருந்தால் வெட்டாதீர்கள், முழுசாகவே நட்டுவிடுங்கள்.

அடுத்தது ஆசை. மூன்று கிலோ கிழங்கைப் பத்துத் துண்டாக்கினால் பத்துச் செடி கிடைக்கும்தான், ஆனால் எல்லாமே பொடிக் கிழங்காக விளையும். சந்தைக்குப் போகும் அளவு வேண்டுமென்றால் துண்டு 750 கிராமிலிருந்து ஒரு கிலோ வரை இருக்க வேண்டும். நட்ட எடையைப் போல மூன்று, நான்கு மடங்கு எடுத்தாலே நல்ல விளைச்சல். 100 கிராம் துண்டுகளும் நடலாம். அது அடுத்த பருவத்துக்கு விதைக்கிழங்கு பெருக்குகிறவர்களுக்கான வழி, நெருக்கி நடுவார்கள்.

வெட்டிய கையோடு நடுவதும் பெரிய தவறு. ஈரமான வெட்டுவாயில் பூஞ்சை சுலபமாக ஏறும். சாணிக் கரைசலில் ட்ரைக்கோடெர்மா விரிடி என்ற, கெட்ட பூஞ்சையை அடக்கும் நல்ல பூஞ்சையைக் கலந்து, துண்டுகளை முக்கி எடுத்து, வெட்டுவாய் காயும்வரை நிழலில் பரப்பி வையுங்கள். வெயிலில் போட்டால் துண்டு சுருங்கிவிடும். வெட்டும்போது கையுறை போட்டுக்கொள்ளுங்கள். கிழங்கில் இருக்கும் ஊசி போன்ற கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் அரிப்பெடுக்க வைத்துவிடும்.

குழி விஷயத்தில் சோம்பல்படக் கூடாது. 60 செ.மீ. நீள அகலம், 45 செ.மீ. ஆழம், குழிக்குக் குழி 90 செ.மீ. இடைவெளி. மேல்மண்ணோடு இரண்டு கிலோவுக்குக் குறையாமல் மக்கிய தொழுவுரம் கலந்து நிரப்பி, வளையப் பக்கம் மேலே இருக்கும்படி துண்டை வையுங்கள். புதுக் கிழங்கு பழைய துண்டின் மேலேதான் உருவாகும். மேலோட்டமாக நட்டால் அது பருக்க இடம் இருக்காது.

பருவத்துக்கு மலையாளத்தில் ஒரு பழமொழி உண்டு: கும்பத்தில் நட்டால் குடத்தளவு, மீனத்தில் நட்டால் மீன்கண் அளவு. கும்பம் நம் மாசி, மீனம் பங்குனி. இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. தண்ணீர் வசதி இருந்தால் தமிழ்நாட்டில் ஏப்ரல், மே மாதங்களிலும் நடுகிறார்கள். கோடையில் நடும்போது மூடாக்குத்தான் முக்கியம். காய்ந்த இலையோ வைக்கோலோ கனமாகப் போட்டால் ஈரம் நிற்கும், களையும் அடங்கும். அப்புறம் பொறுமை வேண்டும். வெட்டிய துண்டு முழுக்கிழங்கைவிடத் தாமதமாகத்தான் முளைக்கும். இடையில் கிளறிப் பார்த்தால் குருத்து ஒடிந்துவிடும்.

வளர்ந்த பிறகு ஒரே ஒரு கவலைதான், தேங்கும் தண்ணீர். தண்டின் அடி மண்ணைத் தொடும் இடத்தில் அழுகல் பிடித்தால் அந்த ஒற்றைத் தண்டு அப்படியே சாய்ந்துவிடும். மொத்த இலையும் அதன் தலையில்தான் இருக்கிறது, போனால் விளைச்சலும் போச்சு. களை கொத்தும்போதும் தண்டின் அடியில் காயம் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எட்டு, ஒன்பது மாதத்தில் இலை மஞ்சளாகிச் சாய்ந்ததும் தோண்டலாம். அந்தக் கிழங்கையே உடனே வெட்டி நடுகிறவர்களும் இருக்கிறார்கள். வெட்டியதுதான் மிச்சம், அறுவடையான கிழங்கு இரண்டு, மூன்று மாதம் உறங்கும். காயம் படாதவற்றைப் பொறுக்கி, காற்றோட்டமான நிழலில் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பரப்பி வைத்து, உச்சியில் குருத்து லேசாக உப்பும்போது கத்தியை எடுங்கள்.