கரீபியன் ரிசார்ட் புக் செய்யப் போகிறீர்களா? முதலில் கடலைப் பாருங்கள்

முதல்முறை நாங்கள் டொமினிகன் குடியரசின் புன்டா கானாவுக்குப் போனது ஒரு ஜூலை மாதம். சாப்பாடு, அறை, குடிக்கிற ஜூஸ் வரை எல்லாம் ஒரே கட்டணத்துக்குள் அடங்கும் ஆல்-இன்க்ளூசிவ் பேக்கேஜ். மூன்று வாரம் உட்கார்ந்து அறைப் படங்களையும் நீச்சல்குளப் படங்களையும் ஒப்பிட்டுப் பார்த்துத்தான் பணம் கட்டினோம். போய் இறங்கிய மறுநாள் காலை ஆறரைக்கு மகளைக் கூட்டிக்கொண்டு கரைக்குப் போனால், ஓரம் முழுக்கப் பழுப்புப் பாசி கணுக்காலுக்கு மேல் குவிந்து கிடக்கிறது, அழுகிய முட்டை வாடை, ஒரு சின்ன டிராக்டர் அதை அள்ளி ஓரம் தள்ளத் தள்ள அடுத்த அலை இன்னும் கொண்டுவந்து போடுகிறது. ஐந்து வயதுப் பிள்ளை மணல் வாளியோடு அப்படியே நின்றது இன்னும் கண்ணிலேயே இருக்கிறது. அறை பிடிக்கவில்லை என்றால் வேறு அறை கேட்கலாம். கடலை யாரும் மாற்றித் தர முடியாது. அதனால் கீழே உள்ள வரிசையிலேயே போங்கள், ஹோட்டல் பெயர்களை நான்காவது படி வரை திறக்கவே வேண்டாம்.

படி 1: மாதத்தை முடிவு செய்யுங்கள்

அட்லாண்டிக் புயல் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. உச்சம் ஆகஸ்ட் கடைசியிலிருந்து அக்டோபர் வரை, பேக்கேஜ் விலை அடிமட்டத்துக்கு இறங்குவதும் அப்போதுதான். ஆனால் பருவத்தின் தொடக்கமும் கடைசியும் பாதுகாப்பு என்று நினைத்துவிடாதீர்கள்: 2024இல் பெரில் புயல் ஜூலை 1ஆம் தேதியே கிரெனடாவின் கரியாக்கூ தீவைப் புரட்டிப் போட்டது, 2025 அக்டோபர் 28இல் மெலிஸ்ஸா ஐந்தாம் வகைப் புயலாக ஜமைக்காவின் தென்மேற்கில் கரையேறியது. ஜமைக்கா பார்க்கிறீர்கள் என்றால், அந்த ரிசார்ட் முழுதாகத் திறந்துவிட்டதா, பாதிதான் ஓடுகிறதா என்று நேரடியாகக் கேட்டுவிடுங்கள்.

பள்ளி விடுமுறையால் கோடையில் மட்டும்தான் போக முடியும் என்பவர்களுக்கு அருபா, குராசோ, பொனேர் மூன்றும் நல்ல வழி. வெனிசுவேலா பக்கமாகத் தெற்கே ஒதுங்கி இருப்பதால் புயல் பாதையில் அரிதாகவே சிக்கும். விலை கொஞ்சம் கூடுதல், காற்றும் பலம். அருபாவின் திவி-திவி மரங்கள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்தே வளர்ந்திருக்கும், அவ்வளவு காற்று. தேதியில் கட்டாயம் இல்லாதவர்கள் டிசம்பர் முதல் இரண்டு வாரம், இல்லையென்றால் ஏப்ரல் கடைசி முதல் மே வரை பாருங்கள். கிறிஸ்துமஸை ஒட்டிய நாட்களில் அதே அறையின் விலை எங்கேயோ போய் நிற்கும்.

படி 2: கரை எந்தத் திசையைப் பார்க்கிறது?

இதில்தான் நிறைய நேரம் செலவழிக்க வேண்டும். கரீபியனில் காற்று ஆண்டு முழுவதும் பெரும்பாலும் கிழக்கிலிருந்தே அடிக்கிறது. அதனால் தீவின் கிழக்குக் கரையில் அலை அதிகம், மேற்குக் கரை குளம் மாதிரி இருக்கும். பார்படோஸில் மேற்கே சின்னப் பிள்ளைகள்கூட இறங்கி விளையாடலாம், கிழக்கே பத்ஷீபாவில் அலைச்சறுக்கு வீரர்கள்தான் இறங்குவார்கள். தீவு ஒன்றுதான், காரில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடும் தூரம்.

நான் சொன்ன பாசிக்கு சார்காசம் என்று பெயர். 2011 முதல் நடு அட்லாண்டிக்கில் பெரிய பட்டையாக வளர்ந்து, காற்றோடும் நீரோட்டத்தோடும் கரீபியன் பக்கம் வந்து ஒதுங்குகிறது. வசந்தத்திலிருந்து கோடை வரை அதிகம், குளிர்காலத்தில் குறைவு. கிழக்கு பார்த்த கரைகள்தான் முதலில் வாங்கிக்கொள்ளும், புன்டா கானா அப்படிப்பட்ட கரை. ஜனவரியில் அங்கே போவது வேறு அனுபவம், எங்களுடைய ஜூலை வேறு. அதே நாட்டில் பயாஹிபே என்ற ஊர் தெற்குப் பக்கம், கரீபியன் கடலைப் பார்த்து இருக்கிறது, பாசியும் அலையும் பொதுவாகக் குறைவு. ஜமைக்காவில் நெக்ரில் மேற்கு பார்த்தது.

எப்படிக் கண்டுபிடிப்பது? கூகுள் மேப்பைத் திறந்து சாட்டிலைட் காட்சிக்கு மாற்றி, கரையைப் பெரிதாக்கிப் பாருங்கள். கரையை ஒட்டி வெள்ளை வெள்ளையாக வரிகள் தெரிந்தால் அலை உடைகிற இடம். அந்த வெள்ளைக் கோடு தள்ளி நடுக்கடலில் இருந்து, கரைக்கும் அதற்கும் நடுவே வெளிர்நீலம் தெரிந்தால் பவளப்பாறை அலையைத் தடுக்கிறது என்று அர்த்தம். புன்டா கானாவின் பாவாரோ பகுதியில் அப்படி இருக்கும். இன்னொரு எளிய வழி, விருந்தினர்கள் போட்ட படங்களில் சூரியன் கடலுக்குள் இறங்குகிறதா என்று பாருங்கள். இறங்கினால் அது மேற்குக் கரை.

படி 3: விமான நிலையத்திலிருந்து எவ்வளவு தூரம்?

செயின்ட் லூசியாவில் பெரிய விமானங்கள் இறங்குவது தெற்கு முனையில், நிறைய ரிசார்ட்டுகள் வடக்கே. ஒன்றரை மணி நேரம் மலைப்பாதை, வளைந்து வளைந்து போகும், கைக்குழந்தையோடு போகிறவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள். ஜமைக்காவில் விமானம் இறங்கும் மான்டேகோ பேயிலிருந்து நெக்ரிலுக்கும் ஏறக்குறைய அதே நேரம்தான், ஆனால் கடலோரச் சாலை.

படி 4: எல்லாம் என்றால் எது எல்லாம்?

இப்போது ஹோட்டல் பெயர்களைத் திறக்கலாம். தெரியும் விலை பெரும்பாலும் ஓர் ஆளுக்கு, அதுவும் ஓர் அறையில் இரண்டு பேர் என்ற கணக்கில். பஃபே எப்படியும் உண்டு. தனி உணவகங்களுக்கு முன்பதிவு வேண்டுமா, வாரத்தில் எத்தனை முறை என்று கேளுங்கள். இறால் மீன் வகைகள், வெளிநாட்டு மது, மோட்டார் வைத்த நீர் விளையாட்டுகள் பல இடங்களில் தனிக் கட்டணம். ‘பகுதி கடல் காட்சி’ என்று போட்டிருந்தால் பால்கனியில் சாய்ந்து எட்டிப் பார்க்க வேண்டியிருக்கும், கூடுதல் பணம் தராதீர்கள். பெரியவர்களுக்கு மட்டுமான ரிசார்ட்டுகள் நிறைய உண்டு, குடும்பத்தோடு போகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

விமர்சனங்களைப் புதியது முதலில் என்று வரிசைப்படுத்தி, நீங்கள் போகும் அதே மாதத்தில் எழுதப்பட்டவற்றைப் படியுங்கள். ஐந்து நட்சத்திரத்தையும் ஒன்றையும் விட்டுவிட்டு மூன்று நட்சத்திரம் போட்டவர்களைத் தேடுங்கள், அவர்கள்தான் நிதானமாக எழுதுகிறார்கள்.

படி 5: சைவம் சாப்பிடுகிறவர்கள்

எங்கள் வீட்டில் மாமியார் முட்டைகூடத் தொடமாட்டார், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். டொமினிகன் பக்கம் பேசும் ஸ்பானிஷில் ‘கார்னே’ என்றால் இறைச்சி, ஆனால் அது வேண்டாம் என்றால் கேட்கிறவர் மாட்டிறைச்சி என்றே எடுத்துக்கொண்டு கோழி போட்டுக் கொடுத்துவிடுவார். ‘சின் கார்னே, சின் போயோ, சின் பெஸ்காதோ’ என்று மூன்றையும் சொல்லுங்கள்: இறைச்சி, கோழி, மீன் எதுவும் வேண்டாம். பயறும் சோறும் சைவமாகத்தான் தெரியும், ஆனால் சில நேரம் கோழி வேகவைத்த நீரில் செய்திருப்பார்கள், கேட்டுக்கொள்ளுங்கள்.

தேடிப் போய்ச் சாப்பிட வேண்டியவையும் உண்டு. குவாந்துலேஸ் என்பது நம்முடைய துவரைதான், பச்சையாக இருக்கும்போதே பறித்துச் சோற்றோடு சமைப்பார்கள். காலையில் மங்கூ கிடைக்கும், வாழைக்காயை வேகவைத்து மசித்து மேலே வதக்கிய வெங்காயம். மாமியார் ஒரு வாய் வைத்துவிட்டு, “இதுல கொஞ்சம் கடுகும் கறிவேப்பிலையும் தாளிச்சா நம்ம வீட்டுப் பொடிமாஸ்தான்” என்றார், அந்த வாரம் முழுக்க அவருக்கு அதுதான் காலைச் சாப்பாடு. ஜமைக்காவில் ரஸ்தாஃபாரி சமயத்தவரின் ‘ஐட்டல்’ சமையல் பெரும்பாலும் சைவம், தேங்காய்ப்பால் தாராளம். புக் செய்யும் முன் ரிசார்ட்டுக்கு மின்னஞ்சல் அனுப்பி, இரவுச் சாப்பாட்டில் சைவமாக என்னென்ன இருக்கும் என்று பெயரோடு கேளுங்கள். ‘சாலட் உண்டு’ என்று மட்டும் பதில் வந்தால் அடுத்ததைப் பாருங்கள்.

படி 6: காகிதங்கள்

பார்படோஸ், ஜமைக்கா இரண்டுக்கும் இந்தியப் பாஸ்போர்ட்டில் சுற்றுலாவுக்கு முன்கூட்டியே விசா வேண்டாம். டொமினிகன் குடியரசுக்குச் செல்லுபடியாகும் அமெரிக்க விசாவோ கிரீன் கார்டோ இருந்தால் போதும். விதிகள் மாறும், அரசுத் தளத்தில் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள். அமெரிக்காவில் ஹெச்-1பி வேலை விசாவில் இருப்பவர்கள் கவனிக்க: பாஸ்போர்ட்டில் விசா முத்திரை காலாவதியாகி இருந்தால், கனடாவுக்கும் மெக்சிகோவுக்கும் குறுகிய காலம் போய் அதே முத்திரையோடு திரும்பி வர உள்ள சலுகை கரீபியன் தீவுகளுக்குக் கிடையாது, திரும்பி வர முடியாமல் மாட்டிக்கொள்வீர்கள். அவர்களுக்கு போர்ட்டோ ரிக்கோ இருக்கிறது, அது அமெரிக்க நிலப்பகுதி.

பயணக் காப்பீட்டை டிக்கெட் எடுத்த கையோடு எடுங்கள். புயலுக்குப் பெயர் வைத்த பிறகு எடுத்த பாலிசி பொதுவாக அந்தப் புயலுக்குப் பணம் தராது. டொமினிகன் குடியரசுக்குள் நுழையவும் வெளியேறவும் இ-டிக்கெட் என்ற அரசின் ஆன்லைன் படிவம் நிரப்ப வேண்டும், அது இலவசம், பணம் கேட்கிற தளம் அரசுத் தளம் அல்ல. அதில் வரும் கியூஆர் கோடை வீட்டிலேயே போனில் படமாகச் சேமித்துக்கொள்ளுங்கள், இறங்கியபின் விமான நிலைய வைஃபையைத் தேடி நிற்க வேண்டாம்.