பத்து விநாடி நீலத் திரை

லினக்ஸ் லப்டொப்பில் என்விடியா டிரைவரை (கிராஃபிக்ஸ் அட்டையை இயக்கும் மென்பொருளை) போட்டுவிட்டுத் திரும்ப இயக்கினால் திரை முழுக்கக் கறுப்பு. மூலையில் ஒரு சின்னக் கோடு மட்டும் துடித்துக்கொண்டு நின்றது. விடிந்தால் தங்கச்சியின்ர ஒப்படையைக் கிளிநொச்சிக்குக் கொண்டுபோக வேணும்.

லப்டொப் தொடங்கும்போது வரும் குரப் மெனுவில் 'ஈ' விசையை அழுத்தி, 'லினக்ஸ்' என்று தொடங்கும் வரியின் கடைசியில், திரையை எளிய முறையில் இயக்கச் சொல்லும் 'நோமோட்செட்' சேர்த்து எஃப் 10 அடித்தேன். டெஸ்க்டொப் வந்தது, எழுத்தெல்லாம் பெருத்துக் கிடந்தது. அந்த இரவுக்கு அது போதும்.

காரணம் செக்யூர் பூட், அதாவது நம்பகமான கையொப்பம் இல்லாத மென்பொருளைத் தொடக்கத்திலேயே தடுக்கும் பாதுகாப்பு. டிரைவரில் கையொப்பமிட்ட சாவி லப்டொப்பில் பதியப்படாததால், லினக்ஸின் மையப்பகுதியான கர்னல் அந்த டிரைவரை ஏற்றவில்லை. திரும்ப நிறுவும்போது ஒரு கடவுச்சொல் கேட்டது. ரீஸ்டார்ட்டில் வந்த நீலத் திரையில் சாவியைப் பதியும் 'என்ரோல் மொக்' என்பதைத் தெரிவுசெய்து அந்தக் கடவுச்சொல்லையே கொடுத்தேன். பத்து விநாடிக்குள் விசை தட்டாவிட்டால் அந்தத் திரை போய்விடும். முதல் தரம் நான் தேத்தண்ணி எடுக்க எழும்பின நேரம்தான் அது வந்து போயிருக்க வேணும்.