உப்புக்காற்றும் பிரிண்டர் கேபிளும்

ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் எங்கள் கடை கடலுக்குப் பக்கம். பிரிண்டரில் விளக்கு எரியும். லேப்டாப் மட்டும் அதைக் கண்டுகொள்ளாது. பிரிண்டரை இயக்கும் டிரைவர் மென்பொருளை அழித்து மறுபடி போட்டும் பயனில்லை. கேபிளைக் கழற்றி, பிரிண்டர் பக்கம் போகும் சதுர முனைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். தகடுகளில் பச்சையாகக் களிம்பு. உப்புக்காற்றின் வேலை, இங்கே ஜன்னல் கம்பியே தாங்காது, இது எம்மாத்திரம்!

மின்சாரத்தை அணைத்து, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பழைய டூத்பிரஷால் பிரிண்டரின் துளையை மெதுவாகத் தேய்த்துக் காயவிட்டேன். கேபிளைப் புதிதாகவே வாங்கினேன். (யுஎஸ்பி 2.0 கேபிள் 5 மீட்டரைத் தாண்டக் கூடாது.)

அப்புறம் விண்டோஸ் பிரிண்டரைக் கண்டது, ஆனாலும் அச்சு வரவில்லை. பிரிண்டர் பிராப்பர்ட்டீஸில் போர்ட்ஸ் பகுதியை (அச்சு எந்த இணைப்பு வழியே போக வேண்டும் என்ற பட்டியல்) திறந்தால், பழைய யுஎஸ்பி001-லேயே டிக் நின்றது. லேப்டாப்பில் வேறு துளையில் செருகினால் சில சமயம் இப்படி ஆகும். யுஎஸ்பி002-க்கு மாற்றினேன், காத்துக் கிடந்த பக்கங்கள் கடகடவென்று வந்து விழுந்தன.