கனமான கிட்டாரை இளைக்க வைத்த கதை

என் எலெக்ட்ரிக் கிட்டார் 4.6 கிலோ. ஒரு மணி நேரம் நின்று வாசித்தால் தோள்பட்டை கழன்றுவிடும். அதனால் எடையைக் குறைக்க, அதன் மரப் பாடியில் துளைகள் போட்டேன்.

பாடியின் முன்பக்கம் மாட்டியிருக்கும் தகடான பிக்கார்டுக்கு அடியில் குடைவதுதான் நல்லது, வெளியே தெரியாது. பிரிட்ஜ் (கம்பிகளைப் பாடியில் தாங்கும் பகுதி), நெக் பாக்கெட் (நெக், அதாவது கிட்டாரின் கழுத்து, பாடியில் பொருந்தும் குழி) பக்கம் போகாதீர்கள். பாடி 45 மி.மீ. தடிமன் என்றால் அடியில் 10 மி.மீ.யாவது விடுங்கள். ட்ரில் பிட்டில் டேப் சுற்றி ஆழத்தைக் குறியுங்கள். எனக்கு டேப் நழுவி, கூர்முனை பின்பக்கப் பாலிஷைப் பொத்துக்கொண்டு எட்டிப் பார்த்தது!

பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். 30 மி.மீ. அகலம், 30 மி.மீ. ஆழத்தில் ஒரு துளை போட்டால் சுமார் 14 கிராம்தான் குறையும். இருபது துளைக்குக் கால் கிலோ சொச்சம்.

பாடி ரொம்ப இளைத்தால் நெக் தரையைப் பார்த்துச் சாயும். நெக் நுனியில் கம்பிகளை முறுக்கும் ட்யூனர்களை லேசானதாக மாற்றிய பிறகுதான் என்னுடையது நேராக நின்றது.