மாட்டு வைரஸ்களின் வம்சமரம்: படிக்கும்போது செய்யும் தவறுகள்

ஊரில் கோமாரி வந்து, தடுப்பூசி போட்ட மாடுகளும் வாயில் நுரை தள்ளி நொண்ட ஆரம்பித்தால், இரண்டொரு நாளில் ஒரு பேச்சு கிளம்பிவிடும்: "இது உருமாறின வைரஸுங்க, பழைய ஊசி இதுக்குக் கேக்காது." பொள்ளாச்சி, தாராபுரம், அந்தியூர் என்று எந்தப் பக்கம் போனாலும் கேட்கிற பேச்சுதான். சில நேரம் அது சரியாகவும் இருக்கும். ஆனால் அதைச் சொல்ல ஆதாரம் வேண்டும். அந்த ஆதாரம் வைரஸின் மரபணு வரிசையிலும், அதை வைத்து வரையும் வம்சமரத்திலும், அதற்கு அப்பால் செய்யும் ஊநீர் (ரத்தத்தின் தெளிந்த நீர்) சோதனையிலும் இருக்கிறது.

நாமக்கல்லிலும் உடுமலையிலும் கால்நடை மருத்துவம் படிக்கிறவர்கள், மருந்தகங்களில் வேலை பார்க்கிறவர்கள், செய்தி எழுதுகிறவர்கள், விவரம் தேடிப் படிக்கும் பண்ணையக்காரர்கள் எல்லோருக்கும் இந்த மரங்கள் இன்று கைபேசியிலேயே கிடைக்கின்றன. கிடைப்பது நல்லது. ஆனால் தவறாகப் படித்தால் நட்டம் மாட்டுக்காரருக்கு. எந்த வைரஸ் எதற்கு உறவு என்பதைத்தான் மரம் சொல்லும். ஊசி கேட்குமா, எந்த ஊரிலிருந்து வந்தது, எவ்வளவு கடுமையானது என்ற கேள்விகளுக்கு அது தனியாக நின்று பதில் சொல்லாது. நான் பார்க்கிற தவறுகளில் பாதிக்கு மேல் இதை மறப்பதால் வருபவை.

செரோடைப்பையும் கிளையையும் குழப்புவது

கோமாரி வைரஸில் ஏழு செரோடைப்புகள், அதாவது ஒன்றுக்கு எழும் எதிர்ப்புச் சக்தி மற்றொன்றுக்கு உதவாத வகைகள்: ஓ, ஏ, சி, ஏசியா-1, சாட்-1, சாட்-2, சாட்-3. இந்தியாவில் இப்போது சுற்றுபவை ஓ, ஏ, ஏசியா-1 மூன்றும்தான். சி வகை 1995-க்குப் பிறகு இந்தியாவிலும், 2004-க்குப் பிறகு உலகில் எங்கும் கண்டறியப்படவில்லை. ஓ வகை வந்து தேறிய மாட்டுக்கு ஏசியா-1 வகையிலிருந்து பாதுகாப்பு கிடையாது. அதனால்தான் நம் ஊசியில் மூன்று வகையும் சேர்ந்திருக்கின்றன.

ஒவ்வொரு செரோடைப்புக்குள்ளும் கிளைகள் உண்டு. ஓ வகையில் மத்தியகிழக்கு-தெற்காசியத் தொகுதியில் பான்ஏசியா என்று ஒரு கிளை, இண்ட்2001 என்று ஒரு கிளை, அதற்குள் ஏ, பி, சி, டி, இ என்று உட்கிளைகள். இந்தக் கிளைகள் ஒன்றை ஒன்று தள்ளிவிட்டு மாறி மாறி மேலோங்கும். அண்மை ஆண்டுகளில் இண்ட்2001-இன் 'இ' உட்கிளை பரவலாக இருந்தது. அப்படிப் புதுக்கிளை ஒன்று தலையெடுத்ததும் "ஊசி பழசாகிவிட்டது" என்று முடிவு கட்டுவதுதான் முதல் தவறு. ஓ வகைக்கு நாம் பயன்படுத்தும் ஊசி வைரஸ் 1975-இல் எடுத்தது. கிளைகள் இத்தனை மாறியும் அது பெரும்பாலான கள வைரஸ்களுக்கு (நோயுற்ற மாடுகளில் கிடைப்பவற்றுக்கு) ஈடுகொடுத்தே வந்திருக்கிறது.

ஊசி பொருந்துகிறதா என்று பார்க்க வேறு சோதனை இருக்கிறது. ஊசி போட்ட மாட்டின் ஊநீரை எடுத்து, அது ஊசி வைரஸை எவ்வளவு அடக்குகிறது, கள வைரஸை எவ்வளவு அடக்குகிறது என்று அளந்து விகிதம் பார்ப்பார்கள். ஆர்1 மதிப்பு என்பது அதுதான். நடுநிலையாக்கச் சோதனையில் அது 0.3-க்குக் குறையாமல் இருந்தால் ஊசி பொருந்தும் என்று எடுத்துக்கொள்வது வழக்கம். இந்த எண்ணைக் கேட்காமல் மரத்தை மட்டும் காட்டி ஊசியைக் குறை சொல்லும் கட்டுரையை நம்ப வேண்டியதில்லை.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. வம்சமரத்தைப் பெரும்பாலும் விபி1 என்ற வெளி ஓட்டுப் புரதத்தின் ஒற்றை மரபணுவை வைத்துத்தான் வரைகிறார்கள். ஏறத்தாழ 8,400 எழுத்துள்ள (வரிசையின் ஒவ்வொரு அலகும் ஓர் எழுத்து) ஆர்என்ஏ-வில் அது சுமார் 630 எழுத்துதான். விபி1-இல் பெரிய மாற்றம் தெரியவில்லை என்றால் பயமில்லை என்று நினைக்கிறோம். 2002 வாக்கில் இந்தியாவில் ஏ வகையில் ஒரு கூட்டம் தலையெடுத்தது. அதன் அடையாளமே விபி1-இல் இல்லை. பக்கத்தில் இருக்கும் விபி3 புரதத்தின் 59-ஆவது இடத்தில் ஒரு அமினோ அமிலம் காணாமல் போயிருந்தது. வைரஸின் வெளி ஓட்டில் அந்த இடம் முக்கியமானது. ஏ வகைக்கு 1982-ஆம் ஆண்டு வைரஸை விட்டு 2000-ஆம் ஆண்டு வைரஸை ஊசிக்கு எடுத்ததற்குப் பின்னால், அந்த வகையில் இப்படி நடந்துகொண்டிருந்த மாற்றங்கள்தான் இருந்தன. ஓட்டுப் புரதங்கள் நான்கையும் படித்திருந்தால்தான் இப்படிப்பட்டது கண்ணில் படும்.

வெக்கை நோயை (ரிண்டர்பெஸ்ட்) இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். அந்த வைரஸிலும் மூன்று வம்சக் கிளைகள் இருந்தன. ஆனால் செரோடைப் ஒன்றே ஒன்று. அதனால் ஒரே ஊசி எல்லாக் கிளைகளையும் அடக்கியது. இந்தியாவில் கடைசியாக 1995-இல் தமிழ்நாட்டில்தான் அது தென்பட்டது. 2011-இல் உலகத்திலிருந்தே ஒழிந்துவிட்டதாக அறிவித்தார்கள்.

மரத்தை மேலிருந்து கீழே படிப்பது

வரைபடத்தில் இரண்டு பெயர்கள் அடுத்தடுத்த வரியில் இருந்தால் அவை நெருங்கியவை என்று கண் நம்பிவிடுகிறது. அப்படி இல்லை. எந்தக் கணுவிலும் (கிளை பிரியும் இடத்திலும்) கிளைகளை மேலும் கீழுமாகத் திருப்பிப் போடலாம், மரத்தின் பொருள் மாறாது. இரண்டு பெயர்களிலிருந்தும் பின்னோக்கிப் போனால் எந்தக் கணுவில் சந்திக்கின்றன, அதுவரை கிளையின் நீளம் எவ்வளவு என்றுதான் பார்க்க வேண்டும்.

இன்னொன்று, பக்கத்தில் இருப்பதைத் தகப்பன் என்று எடுத்துக்கொள்வது. ஈரோட்டு மாதிரியும் ஆந்திர மாதிரியும் ஒரே கிளையில் நின்றால் அவை பங்காளிகள். ஒன்று மற்றொன்றைப் பெற்றது என்று அர்த்தமில்லை. இரண்டுக்கும் பொதுவான பாட்டன் எவரும் மாதிரி எடுக்காத ஏதோ ஒரு ஊரின் கட்டுத்தரையில் இருந்திருக்கலாம்.

தோல் கழலை நோயில் இந்தத் தவறு வெளிப்படையாக நடந்தது. 2019-இல் ஒடிசாவில் இந்தியாவின் முதல் பாதிப்பு கண்டறியப்பட்டது. 2022-இல் குஜராத், ராஜஸ்தானில் அது மாடுகளை வாரிக்கொண்டு போனபோது எடுத்த மாதிரிகளைப் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தினர் முழு மரபணுவாகப் படித்தார்கள். இரண்டு கூட்டம் தெரிந்தது. ஒன்று 2019 ராஞ்சி, 2020 ஐதராபாத் மாதிரிகளை ஒத்தது. மற்றது 2015-இல் ரஷ்யாவில் எடுத்த வைரஸை ஒத்தது. உடனே "ரஷ்யாவிலிருந்து வந்தது" என்று பேச்சு. ஒத்திருப்பது உறவைக் காட்டும், வந்த வழியைக் காட்டாது. இடையில் இருக்கும் நாடுகளின் மாதிரிகள் மரத்தில் இல்லாதபோது கையில் இருப்பதில் எது நெருக்கமோ அதுதான் பக்கத்தில் வந்து நிற்கும்.

பெயரில் இருக்கும் ஊரும் இப்படித்தான் ஏமாற்றும். இண்ட்2001 என்று பெயர் இருந்தாலும் அதன் 'டி' உட்கிளை 2013-இல் லிபியாவிலும் சவுதியிலும், 2014-இல் துனிசியா, அல்ஜீரியாவிலும் போய் நின்றது. 2001-இல் பிரிட்டனில் 60 லட்சத்துக்கு மேல் கால்நடைகளைக் கொல்ல வைத்த வைரஸ் பான்ஏசியா கிளையைச் சேர்ந்தது. கென்யாவின் செம்மறி-வெள்ளாட்டு அம்மை வைரஸ் என்று பெயரிட்டு ஆட்டு ஊசிக்குப் பயன்படுத்திய ஓ-240 வகையை மரபணுவில் பார்த்தபோது, அது மாட்டுத் தோல் கழலை வைரஸாகவே இருந்தது.

விழுக்காட்டைக் கண்ணை மூடி ஒப்பிடுவது

"99 விழுக்காடு ஒத்திருக்கிறது" என்று படித்தால் இரண்டும் ஒன்றுதான் என்று தோன்றும். எந்த வைரஸில், எந்தப் பகுதியில் என்று கேட்க வேண்டும். கோமாரி ஆர்என்ஏ வைரஸ். படியெடுக்கும்போது பிழை திருத்த ஆளில்லை. விபி1 பகுதியில் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு விழுக்காடு வரை மாறிவிடும். அங்கே ஒரு விழுக்காடு வேறுபாடு என்பது ஓரிரு வருடப் பிரிவு. தோல் கழலை வைரஸ் சுமார் 1,51,000 எழுத்துள்ள டிஎன்ஏ வைரஸ், மிக மெதுவாக மாறும். ஆட்டம்மை வைரஸுக்கும் அதற்குமே மொத்தத்தில் மூன்று நான்கு விழுக்காடுதான் வித்தியாசம். அதனால்தான் வெள்ளாட்டம்மை ஊசியை மாட்டுக்குப் போட முடிகிறது. அந்த வைரஸில் ஒரு விழுக்காடு என்பது பெரிய தூரம்.

அப்புறம், தோல் கழலை வைரஸில் ஒரே ஒரு மரபணுவைப் படித்து மரம் வரைவது ஆபத்து. 2017-இல் ரஷ்யாவின் சராதோவ் பகுதியில் கிடைத்த வைரஸில் ஒரு பகுதி ஊசி வைரஸையும் மறுபகுதி கள வைரஸையும் ஒத்திருந்தது. இப்படிப்பட்ட கலப்பு வைரஸ்கள் பிறகு சீனாவிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் பரவின. உயிருள்ள வைரஸைக் கொண்ட ஊசி ஒன்றில் வேறு வகை கலந்திருந்ததுதான் இதற்கு மூலம் என்று பின்னால் தெரிந்தது. இப்படிக் கலந்த வைரஸில் ஒரு மரபணு ஒரு கதை சொல்லும், இன்னொன்று வேறு கதை சொல்லும். குறைந்தது இரண்டு மூன்று இடங்களையாவது பார்க்க வேண்டும். முடிந்தால் முழு மரபணு.

மாதிரியிலேயே தொடங்கும் பிழை

எல்லாவற்றையும் விட எனக்கு வருத்தம் தருவது இதுதான். கணினியில் எவ்வளவு நேர்த்தியாக மரம் வரைந்தாலும், கட்டுத்தரையில் எடுத்த மாதிரி கெட்டிருந்தால் ஒன்றுமில்லை. கோமாரிக்கு ரத்தம் மட்டும் எடுத்து அனுப்பிவிடுகிறார்கள். வைரஸைப் படிக்க நாக்கிலோ குளம்பிடுக்கிலோ புதிதாக உடைந்த கொப்புளத்தின் தோல் வேண்டும், ஒரு கிராம் அளவு. அதை பிஎச் 7.2 முதல் 7.6 வரை உள்ள பாஸ்பேட் கரைசலும் கிளிசரினும் சரிபாதி கலந்ததில் போட்டு, பனிக்கட்டியில் வைத்து அனுப்ப வேண்டும். கோமாரி வைரஸுக்குப் புளிப்பு ஆகாது. வெறும் தண்ணீரில் போட்டாலோ, வெயிலில் அரைநாள் கிடந்தாலோ, ஃபார்மலினில் ஊறினாலோ அது படிக்கிற நிலையில் இருக்காது. நோய் கண்டு பத்து நாள் கழித்து, புண் ஆறின பிறகு எடுப்பதும் பெரும்பாலும் வீண். தோல் கழலையில் கட்டியின் தோலோ உதிரும் பொருக்கோ எடுக்க வேண்டும். பொருக்கில் வைரஸ் பல வாரம் தங்கும், ரத்தத்தில் சில நாள்தான்.

ஊசி போட்ட நாளை எழுதாமல் அனுப்புவது அடுத்த பிழை. உயிருள்ள ஊசி போட்டு ஒரு வாரத்தில் எழும் கட்டியிலிருந்து எடுத்தால் ஊசி வைரஸே படிக்கப்படலாம். அதைக் கள வைரஸ் என்று பதிவேற்றினால், பின்னால் வருகிறவர்கள் அந்தத் தவறான வரிசையின் மேலேயே மரம் கட்டுவார்கள்.

ஆய்வகத்திலும் கவனம் வேண்டும். ஆர்என்ஏ வைரஸ் சும்மா நிற்காது. இன்றைய மாட்டிலிருந்து எடுத்ததாகச் சொல்லும் வரிசை பல பத்தாண்டுக்கு முந்தைய ஊசி வைரஸோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போனால், ஆய்வகக் கலப்பா என்று முதலில் சந்தேகப்பட வேண்டும். 2007-இல் இங்கிலாந்தின் சர்ரே மாவட்டத்தில் மாடுகளில் கிடைத்த வைரஸ் 1967-ஆம் ஆண்டின் ஆய்வக வகையோடு அப்படி ஒட்டியிருந்ததுதான், அது பக்கத்து ஆய்வு வளாகத்திலிருந்து கசிந்தது என்று காட்டிக்கொடுத்தது. செல் வளர்ப்பில் பலமுறை பெருக்கிய வைரஸும் அதற்கேற்பத் தன் ஓட்டை மாற்றிக்கொள்ளும். விபி3-இன் 56-ஆம் இடத்து மாற்றம் அதற்குப் பேர்போனது. எனவே முடிந்தவரை நேராகக் கொப்புளத் தோலிலிருந்தே படிப்பது நல்லது.

சந்தை மாட்டை ஊர் மாடாகக் கணக்கிடுவது

கருங்கல்பாளையம், பொள்ளாச்சி சந்தைகளுக்கு ஆந்திரம், கர்நாடகம் என்று பல பக்கமிருந்தும் மாடு வரும். இங்கிருந்து கேரளத்துக்குப் போகும். அந்தியூர் ஆடித் தேர்ச்சந்தையிலும் கண்ணபுரம் சந்தையிலும் இன்னும் தூரத்து மாடுகள் சேரும். கோமாரி தொற்றி வெளிக்காட்ட 2 முதல் 14 நாள் பிடிக்கும். அதற்குள் மாடு மூன்று கை மாறியிருக்கலாம். அங்கே எடுத்த ஒரு மாதிரியை "கொங்கு வகை" என்று எழுதுவது சரியில்லை. மாடு எங்கே வாங்கியது, எந்தத் தேதியில் வந்தது என்பது மரபணு வரிசைக்குச் சமமான தகவல். அதுபோல, சீமை மாட்டிலிருந்து மட்டும் மாதிரி எடுப்பதும் படத்தைக் கோணலாக்கும். காங்கயம் மாட்டுக்கும் பர்கூர் மாட்டுக்கும் நோய் லேசாகப் போவதால் யாரும் மருத்துவரைக் கூப்பிடுவதில்லை. ஆனால் வைரஸ் அவற்றிலும் உண்டு, அவற்றிலிருந்தும் பரவும். எருமை, ஆடு, பன்றியை விட்டுவிட்டாலும் இதே கதைதான்.

ஊசி தவறியதற்கெல்லாம் வைரஸைக் காரணம் சொல்வது

ஊசி போட்டும் நோய் வந்தால் மரபணுவுக்குப் போகும் முன் கேட்க வேண்டியவை நிறைய இருக்கின்றன. கோமாரி ஊசி 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டும். வெயிலில் கிடந்தாலும் கெடும். பனிப்பெட்டியில் ஐஸ்மேலேயே பட்டு உறைந்தாலும் கெடும். இரண்டாவதைப் பலரும் கவனிப்பதில்லை. ஊசி போட்டு இரண்டு மூன்று வாரம் ஆனால்தான் பாதுகாப்பு ஏறும். நோய் ஊருக்குள் வந்த பிறகு போட்டால் ஏற்கெனவே தொற்றிய மாடு படுக்கத்தான் செய்யும். பாதுகாப்பு சுமார் ஆறு மாதம் நிற்கும் என்பதால்தான் 2019-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் ஆண்டுக்கு இரண்டு சுற்று. ஒரு சுற்றைச் சினை மாடு என்று விட்டோமா, முதல் ஊசி போட்ட கன்றுக்கு மறு ஊசி போட்டோமா, பக்கத்துக் கட்டுத்தரையில் எத்தனை மாடு விடுபட்டது என்று பாருங்கள். இவை எல்லாம் சரியாக இருந்தும் நோய் வந்தால், அப்போது கட்டாயம் மாதிரி போக வேண்டும். உங்கள் மருந்தக மருத்துவரிடம் சொல்லி ராணிப்பேட்டை ஆய்வகத்துக்கோ, அங்கிருந்து புவனேசுவரத்தில் உள்ள தேசியக் கோமாரி நிறுவனத்துக்கோ அனுப்பச் செய்யலாம். அனுப்பும்போது தாளில் இவற்றை எழுதுங்கள்: மாட்டின் வயது, இனம், எங்கே வாங்கியது, கடைசி ஊசியின் தேதியும் மருந்தின் தொகுப்பு எண்ணும், முதல் கொப்புளம் கண்ட நாள், மாதிரி எடுத்த நாள், கட்டுத்தரையில் மொத்தம் எத்தனை உருப்படி, அதில் எத்தனை படுத்தது.