கெக்கெப்ரெவ்: புள்ளி தப்பினால் முட்டை போச்சு

டென்மார்க்கில் ஈஸ்டருக்கு முன் கத்தரித்து அனுப்பும் கடிதத்துக்கு கெக்கெப்ரெவ் என்று பெயர். தாளை மடித்துப் பூவேலை வெட்டி, ஒரு சின்னப் பாட்டு எழுதி, பெயர் போட வேண்டிய இடத்தில் எழுத்துக்கு ஒன்றாகப் புள்ளி மட்டும் வைப்பார்கள். யார் என்று கண்டுபிடித்துவிட்டால் அனுப்பியவர் ஒரு சாக்லேட் முட்டை தர வேண்டும். கண்டுபிடிக்காவிட்டால் கடிதம் வாங்கியவர் தர வேண்டும். பாதி கைவேலை, பாதி கண்ணாமூச்சி.

கைவேலையில் சறுக்குவது பெரும்பாலும் தாளில்தான். கெட்டி அட்டை வேண்டாம். சாதாரண ஏ4 தாளை 21 செ.மீ. சதுரமாக்கி, இரண்டு முறை பாதியாக மடித்து, தாளின் நடுப்புள்ளி இருக்கும் மூலையிலிருந்து குறுக்காக ஒரு மடிப்பு மடித்தால் எட்டு அடுக்கு. அத்தோடு நிறுத்துங்கள். ஆசைப்பட்டு பதினாறு அடுக்காக்கினால் உள் தாள்கள் நழுவும். மேலே வட்டமாக வெட்டியது உள்ளே கோணிக்கொண்டு நிற்கும்.

இப்போது கையில் இருக்கும் முக்கோணத்தில் இரண்டு பக்கம் மடிப்பு, ஒரு பக்கம் திறந்த விளிம்பு. மடிப்புதான் உயிர். அதில் அரைவட்டம், இலை, இதயம் என்று கடித்தாற்போல் வெட்டலாம். ஆனால் ஒரு பக்கத்து வெட்டு எதிர்ப்பக்கத்தைத் தொட்டுவிட்டால், விரிக்கும்போது நடுப்பகுதி தனியாகக் கழன்று கையோடு வரும். வெட்டுக்கும் வெட்டுக்கும் இடையே ஒரு விரல் அகலம் விடுங்கள். பாட்டு எழுதவும் அந்த இடம்தான் வேண்டும். எல்லாவற்றையும் சல்லடையாக்கிவிட்டு எங்கே எழுதுவது என்று முழிப்பவர்கள் வருடா வருடம் உண்டு. கத்தரிக்கோலைத் திருப்பாமல் தாளைத் திருப்பினால் வளைவு சுத்தமாக வரும். சின்னக் கத்தரிதான் வேண்டும் என்பதும் இல்லை. கதை சொல்லிக்கொண்டே தாள் வெட்டிய டேனிஷ் எழுத்தாளர் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் வைத்திருந்தது பெரிய கத்தரிக்கோல்.

எழுதுவதை வெட்டிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள். 'என் பெயர் புள்ளியில் நிற்கிறது, குத்திவிடாமல் பார்த்துக்கொள்' என்பது அங்கே எல்லாருக்கும் தெரிந்த வரி. டேனிஷில் புள்ளியும் குத்தலும் எதுகையாக வரும்.

புள்ளிதான் துப்பு, அதை எண்ணுவதில்தான் நம் பிள்ளைகள் தடுமாறுவார்கள். கவிதா என்று தமிழில் எழுதினால் மூன்று எழுத்து. பள்ளிப் பதிவேட்டில் ரோமன் எழுத்தில் பெரும்பாலும் ஏழு. டேனிஷ் தோழிக்கு மூன்று புள்ளி வைத்து அனுப்பினால் அது ஏமாற்று; பாட்டிக்கு ஏழு வைத்தால் அவர் ஊர் முழுக்கத் தேடுவார். வாங்குபவர் எந்த எழுத்தில் உங்கள் பெயரை அறிவாரோ அதில் எண்ணுங்கள். வழக்கமான கையெழுத்தையும் மாற்றுங்கள். உறையின் பின்னால் பழக்கதோஷத்தில் அனுப்புநர் முகவரி எழுதிவிட்டால், இவ்வளவு கத்தரித்ததும் வீண்.

உள்ளே ஸ்னோட்ராப் பூ ஒன்று வைப்பது மரபு. டேனிஷில் அதன் பெயரே வின்டர்கெக், குளிரை ஏய்க்கும் கோமாளி என்கிற மாதிரி. பனி விலகுமுன்பே பூத்துவிடும். பறித்த ஈரத்தோடு வைத்தால் மை கலங்கிவிடும். கனமான புத்தகத்துக்குள் சில நாள் அழுத்தி எடுத்து வையுங்கள். செடியும் கிழங்கும் நஞ்சு, சின்னப் பிள்ளைகள் வாயில் வைக்கக் கூடாது.

தபாலில் போடுவதானால் பழைய நினைப்பில் சிவப்புப் பெட்டியைத் தேடாதீர்கள். 1624 முதல் நடந்துவந்த அரசுத் தபால் 2025 டிசம்பர் 30 அன்று கடைசிக் கடிதத்தைக் கொடுத்து முடித்துவிட்டது. இப்போது கடிதம் கொண்டுபோவது டாவோ என்ற தனியார் நிறுவனம். பக்கத்துத் தெரு என்றால் நேரே போய்ப் பெட்டியில் போடுவதே மேல். அதற்குத் தம்பியை மட்டும் அனுப்பாதீர்கள். அவன் மணியை அடித்து, 'அக்கா கொடுக்கச் சொன்னாள்' என்பான்.